வாஸ்துப்படி

அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். திண்டுக்கல்லில் பூட்டுக்கடை வைத்திருப்பவர் தெருவில் நடப்பது அத்தனை சுலபமில்லை. முனை திரும்புவதற்குள் யாராவது வண்டியை நிறுத்திவிடுவார்கள்.

"என்னண்ணே நடந்து போறீக? வண்டி ரிப்பேரா? ஏறுங்க."

மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். நடக்கப் போன அப்பா பின்சீட்டில் ஊர் சுற்றி, வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். தாத்தாவுக்கு இதே சர்க்கரையில் ஒரு கால் போயிருந்தது. அம்மா பயந்துபோயிருந்தாள்.

அப்போதுதான் நாங்கள் வீடு கட்ட ஆரம்பித்தோம். மதுரையில் வீடுகளுக்கு பிளான் போடும் சித்தப்பாதான் எங்களுக்கும் போட்டார். படுக்கையறையும் டிவியும் மாடியில். சமையலறையும் குளியலறையும் கீழே. நடுவில் அகலமான படிக்கட்டு.

"எதுக்குடா இம்புட்டுப் படி?" என்றார் அப்பா.

சித்தப்பா சர்க்கரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "வாஸ்துண்ணே. குடும்பத் தலைவர் மேல படுத்தாத்தான் தொழில் நிக்கும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத குடும்பம் எங்களுடையது. வாஸ்துவெல்லாம் நமக்கு இல்லை என்று பங்குச் சாமியாரிடம் சொல்லும் அப்பா, ஒரு படியைக்கூட மாற்றக் கூடாது என்று கொத்தனாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டாக்டரின் பேச்சு ஏறாத காதில் இல்லாத சாஸ்திரம் சுலபமாக ஏறிவிட்டது.

குடிபோனபோது எனக்கு எட்டு வயது. படி திரும்புகிற இடத்தில் சித்தப்பா பெரிய ஜன்னலும் உட்காரத் திட்டும் வைத்திருந்தார். மாடிக்குப் போகும்போதெல்லாம் அப்பா அங்கே நின்று என் தோளைப் பிடித்துக்கொள்வார். "அந்தா பாரு பாப்பா, சிறுமலை" என்பார். அங்கே பஸ்ஸைத் தவறவிட்டது, மலைவாழைத் தாரோடு இறங்கி வந்தது என்று கதை துண்டு துண்டாக வரும். எனக்கு உயிர் அது. சாயங்காலம் முழுக்கத் திட்டில் காத்திருப்பேன்.

சில மாதம் கழித்து ஒரு நாள் அப்பா நிற்காமல் ஏறிப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. கதை கேட்டதற்கு, "மேல வா, சொல்றேன்" என்றார். மேலே டிவியில் செய்தி ஓடியது, கதை வரவில்லை. அப்பாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அழுதுகொண்டே கீழே வந்தேன். அம்மா சித்தப்பாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இன்னிக்கும் நிக்காம ஏறிட்டாரு தம்பி. மூச்சே வாங்கல." முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவளும் எனக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாக அழுதேன்.