வரைபடத்தில் இல்லாத ஓடை

பன்னிரண்டாம் வகுப்புக்கு மனிதப் புவியியல் நடத்தி நடத்தியே எனக்குத் தலை நரைத்தது. மக்கள் ஏன் இடம் பெயர்கிறார்கள் என்ற பாடம் வரும்போது கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு இழுப்பேன். வெள்ளம், வறட்சி, கடல் அரிப்பு எல்லாம் ஊரைவிட்டுத் தள்ளுகிற காரணங்கள், இடது பக்கம். வேலை, கூலி, பள்ளிக்கூடம் எல்லாம் இழுக்கிற காரணங்கள், வலது பக்கம். இடது பக்கத்தில் எழுத வேண்டிய காரணங்களில் நானும் ஒன்று என்று ஒரு நாள் தெரியவரும் என அப்போது யாராவது சொல்லியிருந்தால், சொன்னவரை வெயிலில் நிற்க வைத்திருப்பேன்.

நான் குடியிருப்பது பாறசாலைக்குக் கிழக்கே, கேரளத்தில். வேலை, பனச்சமூடு தாண்டித் தமிழ்நாட்டில். காலையில் ஒரு மாநிலத்தில் தேங்காய் துருவிவிட்டு, மணி அடிப்பதற்குள் அடுத்த மாநிலத்தில் வருகைப் பதிவு எடுப்பேன். எங்கள் வீட்டுக்குக் கீழே ஓர் ஏலா உண்டு. இரண்டு மேடுகளுக்கு நடுவே நீளமாகக் கிடக்கும் வயல்வெளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நெல் போய் வாழையும் மரச்சீனி என்கிற மரவள்ளியும் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஏலாவின் நடுவில் ஓர் ஓடை. சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் தாண்டிவிடலாம், அவ்வளவுதான் அகலம். இரண்டு மேட்டு மழையும் அதில்தான் இறங்கும். கடைசிக் கண்டம், அதாவது கடைசி வயல், எங்கள் குடும்பத்துடையது. அதைத் தாண்டி, சாலைக்கு அடியிலுள்ள கலுங்கில் நுழைந்து ஓடை ஆற்றுக்குப் போய்விடும்.

எங்கள் கண்டத்துக்கு அடுத்தாற்போல் மேலே மூன்று சென்ட் இடத்தில் ஒரு சின்ன வீடு. அது எனக்கு மீன் தருகிறவளுடைய வீடு. பொழியூர்க் கடற்கரைக்காரி. அவள் பிறந்த வீட்டையும் கடல் எடுத்தது, கல்யாணம் கட்டிப்போன வீட்டையும் கடல் எடுத்தது. புருஷனும் பிள்ளைகளுமாகப் பள்ளிக்கூட வகுப்பறையில் நாலைந்து குடும்பங்களோடு முகாமில் கிடந்தாள். இடம் வாங்க அரசாங்கத்தின் உதவி வந்தபோது, மீன் பாத்திரத்தை என் படியில் இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சருக்கு பூமியப் பத்தி எல்லாம் தெரியுமில்லியா. அந்த ஏலாக்கரையில மூணு சென்ட் உண்டு. வாங்கலாமா?"

மேட்டு நிலமெல்லாம் வளைகுடாப் பணத்தில் வீடாகிவிட்டது. அவள் கைக்கு எட்டியது பள்ளம் மட்டும்தான். ஏழைக்குத் தாழ்ந்த நிலம்தான் கிடைக்கும் என்பது என் பாடத்திலேயே இருக்கிறது, பரீட்சைக்கு அடிக்கடி வரும் கேள்வி. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு வீரம் வந்துவிட்டது.

"தைரியமா வாங்கு மக்கா. கடலு இஞ்ச ஏறி வராது. அதுக்கு நான் பொறுப்பாக்கும்."

அவள் வாங்கினாள். என் வாக்கை நம்பித்தான் வாங்கினாள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

ஏலாவில் ஒரு வழக்கம் இருந்தது. வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன்னால், கண்டம் உள்ள எல்லா வீட்டிலிருந்தும் ஆளுக்கொரு மண்வெட்டியோடு வந்து ஓடையை வெட்டித் தூர்வார வேண்டும். யாருடைய கண்டத்தில் வேலை முடிகிறதோ அவர்கள் எல்லாருக்கும் மரச்சீனி அவித்துப் போட வேண்டும். நெல் போனதும் அதுவும் போயிற்று. ஒருவர் மலேசியா, ஒருவர் மஸ்கட், மிச்சமிருந்தவர்களுக்கு முட்டுவலி. அங்கே ஒரு பிடி வயல்கூட இல்லாத அந்த மீன்காரியும் அவள் புருஷனும்தான் வந்த வருஷத்திலிருந்தே ஓடையில் இறங்கி வெட்டினார்கள். தண்ணீர் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தானே. வேலை முடிந்ததும் மரச்சீனியும் சாளை மீன் கறியும் வைத்து எங்களையும் கூப்பிடுவாள். நாங்கள் வெட்கமில்லாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு, புளி கொஞ்சம் கூடிப்போயிற்று என்று குற்றமும் சொல்லிவிட்டு வருவோம். ஓடையை நான் மூடிய வருஷமும் போய்ச் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

என் தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான். ஓர் அறையில் எட்டுப் பேர், கட்டிலுக்கு மேல் கட்டில். அப்படிப் படுத்துக்கொண்டு இருபது வருஷம் ஒரே வீட்டை மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தான். சாலையைப் பார்த்த வீடு, முன்னால் கார் நிறுத்த இடம். போனில் சொன்னான்: "அக்கா, நான் வாறதுக்கு முன்ன கண்டத்த மண்ணு போட்டு நெரத்தணும். நீங்க நின்னு பாத்துக்கிடணும்." மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அவன் வேலைக்குப் போனதால்தான் நான் படித்து முடித்தேன்.

எங்கள் ஊரில் சட்டத்துக்குத் தெரியாமல் வயலை மூடுவதற்கென்றே ஒரு காலம் உண்டு, ஓண விடுமுறை. அலுவலகமெல்லாம் பூட்டிக் கிடக்கும். அதிகாரிகளும் பூக்களம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு நாளில் டிப்பர்கள் வரிசையாக வந்தன. கிழக்கேயிருந்து வந்த செம்மண். பஸ் ஜன்னல் வழியாகப் பிள்ளைகளுக்கு நான் காட்டிக் கொடுக்கும் ஒரு குன்று உண்டு, அதிலிருந்து வெட்டிய மண் அது. குன்று பாதி அறுத்த பலாப்பழம்போல நின்றது. அதைப் பார்த்து வகுப்பில் நான் வேதனைப்பட்டுப் பேசியதெல்லாம் உண்டு. படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்.

மண்ணை நிரவ வந்தவர்களில் ஒருவன் அசாம்காரன். பிரம்மபுத்திரா அவனுடைய வீட்டையும் வயலையும் கரையோடு அறுத்துக்கொண்டு போனதால் இவ்வளவு தூரம் வந்தவன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஓடைத் தண்ணீரைக் காட்டி, வந்த இடத்தில் கற்ற மலையாளத்தில் கேட்டான்.

"சேச்சி, இது மூடினால் வெள்ளம் எவிடெ போகும்?"

மேஸ்திரி சிரித்தார். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கையில் நிலத்தின் சர்வே ஸ்கெட்ச் இருந்தது. அதைப் பிரித்து அவனுக்குக் காட்டினேன். "பாரு, இதுல ஓடையே இல்ல. இது எங்க கண்டத்துக்க எல்லைக்குள்ளாக்கும்." ஸ்கெட்சில் ஓடை இல்லாதது உண்மைதான். எல்லாரும் சேர்ந்து விட்டுக்கொடுத்து வந்த ஓடையை எந்த அளவுக்காரரும் கோடு போட்டுக் காட்டியதில்லை. ஆனால் அவன் தண்ணீரைப் பார்த்துக் கேட்டான், நான் காகிதத்தைப் பார்த்துப் பதில் சொன்னேன். சின்ன வயசில் அதே ஓடையில் செருப்பைப் பறிகொடுத்தவள் நான். அவன் குனிந்து மண்ணைத் தள்ளினான். எனக்கு அவன் மேல் கோபம்கூட வந்தது. புவியியல் டீச்சருக்கே பாடம் எடுக்க வந்துவிட்டான் என்று. நாலாம் நாள் கண்டத்தைச் சுற்றி மதிலுக்குக் கல்லும் இறங்கிவிட்டது.

மீன்காரி ஒரு தடவைதான் கேட்டாள். "ஒரு கொழாயாவது போடுவியளா டீச்சரே?" போடுவோம் என்றேன். தம்பியிடம் கேட்டேன். மதில் முடியட்டும் என்றான். மதில் முடிந்தது, குழாய் வரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. ஐப்பசி மழைக்கு இன்னும் நாள் கிடக்கிறதே என்று இருந்துவிட்டேன்.

மழை முன்னதாகவே வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் சபையில் இரண்டாம் பாட்டு பாடும்போது ஓட்டின்மேல் பெய்த சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை. ஆராதனை முடிந்து வந்து பார்த்தால் ஏலா முழுக்கத் தண்ணீர். போக வழியில்லாமல் எங்கள் மதிலில் முட்டி, திரும்பி, அவள் வீட்டுக்குள் ஏறியிருந்தது. அவர்களும் பூசைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பியது என்று சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டவள், இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளின் புத்தகங்களை ஒவ்வொன்றாகக் கூரைக்குமேல் வீசிக்கொண்டிருந்தாள். அந்த மழையில் கூரைமேல் வீசி என்ன பயன் என்று அவளுக்கும் தெரியும். கக்கூஸ் குழி நிரம்பி, கிணற்றுத் தண்ணீரும் அதுவும் ஒன்றாகிக் கிடந்தது. நான் செருப்போடு இறங்கி ஒரு பெட்டியைப் பிடித்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"கடலு வரும்ப எரைச்சல் கேக்கும் டீச்சரே," என்றாள், பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு. "பிள்ளைகள எடுத்துட்டு ஓட நேரம் கிட்டும். இது சத்தமே இல்லாம வந்துட்டே."

தண்ணீர் வடிய ஒரு வாரமாயிற்று. கிணறு பிறகு சரியாகவே இல்லை. இளைய பிள்ளைக்கு மஞ்சள்காமாலை வந்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு அவர்கள் வீட்டை விட்டுவிட்டுப் பொழியூருக்கே திரும்பிப் போனார்கள். அவள் தங்கையின் வீட்டுக்கு. அதற்கும் கடலுக்கும் நடுவில் இன்னும் இரண்டு வரிசை வீடுகள்தான் மிச்சம்.

அவர்கள் போன பிறகு எனக்குச் சூடு சொரணை வந்தது. தம்பியோடு சண்டை போட்டு மதிலை ஒரு பக்கம் உடைத்தேன், ஓடையை வெட்டித் திறந்தேன். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். வெட்ட வந்தது அதே அசாம்காரன். பழைய இடம் எது என்று நான் காட்ட வேண்டியிருக்கவில்லை, அவனே போய் நின்று வெட்டத் தொடங்கினான். இப்போது அவனும் ஐந்து பேரும் அவள் வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை இடுப்பு உயரத்துக்கு அப்படியே இருக்கிறது. கட்டில்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். தம்பியின் வீடு முடிந்துவிட்டது. பூட்டிக் கிடக்கிறது. வருஷத்தில் ஒரு மாதம் விளக்கு எரியும்.

போன மாதம் பொழியூருக்குப் போனேன். கடற்கரையில் கல் போட்ட இடத்துக்கு இந்தப் பக்கம் அவள் சாளை விற்றுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, உட்காரச் சொல்லி ஒரு பலகையைத் தட்டிப் போட்டாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். என் முட்டுவலியைப் பற்றி அவள் கேட்டாள். வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். ஓடை திறந்துவிட்டது, குழாய் போட்டாயிற்று, இரண்டு மழை பார்த்தாயிற்று, ஒரு சொட்டு நிற்கவில்லை, கிணற்றையும் நானே இறைத்துத் தருகிறேன், வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறு இடம் பார்க்கிறேன், மன்னித்து அந்த வீட்டுக்கே திரும்பி வா என்றேன். "இனி அங்க வெள்ளம் ஏறாது மக்கா," என்றேன்.

அவள் மீனைத் தெரிந்தெடுத்து ஒரு பையில் போட்டுக்கொண்டே கேட்டாள். குரலில் குத்தல் ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அதுக்கும் டீச்சர்தான் பொறுப்பா?"