ஜேக் என்கிற ரஹ்மத்துன்னிஷா

போன வாரம் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பையன்கள். ஒருவன் கைப்பேசியில் ஏதோ வாள்சண்டை விளையாட்டைப் புதிதாகத் தொடங்கியிருந்தான். மற்றவன் பழம் தின்று கொட்டை போட்டவன் போலப் பாடம் நடத்திக்கொண்டு வந்தான். "மொதல்ல கெடைக்கிற எதையும் விடாதடா. எல்லாத்தையும் தூக்கிப் பையில போட்டுக்க."

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்படிப் போட்டா பாரம் ஏறிடும் தம்பி. அடி விழும்போது உருண்டு தப்பிக்க முடியாது," என்றேன். இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மடியில் ஒயர் கூடை, கூடையில் முருங்கைக்கீரை, மூக்கில் கண்ணாடி. "ஆன்ட்டி, நீங்க வெளையாடுவீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "பையன் வெளையாடுவான்," என்று சொல்லிவிட்டேன். எனக்குப் பையனே கிடையாது. ஒரே பெண், அவளுக்கு இந்த விளையாட்டு என்றாலே ஆகாது. கீரைக்கூடையோடு உட்கார்ந்துகொண்டு உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

பேருந்து அப்போது அய்யம்பேட்டையைத் தாண்டிக்கொண்டிருந்தது. நான் அந்தப் பையனுக்குச் சொன்னது என் சொந்தச் சரக்கு இல்லை. அந்த ஊர்க்காரி ரஹ்மத்துன்னிஷா சொன்னது.

தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலையில் ஓர் உரக்கடை. பல வருடங்களுக்கு முன் அதன் மாடியில்தான் எங்கள் அலுவலகம். கீழே பூச்சிமருந்து டப்பாக்களிலிருந்து கிளம்பும் நெடி படியேறி, ஏ.சி.க்குள் புகுந்து, குளிர்ந்த நெடியாக எங்கள் தலையில் இறங்கும். வீட்டுக்குப் போனால் என் அம்மா, "வயலுக்கு மருந்தடிச்சுட்டு வந்தவ மாதிரி இருக்கே," என்பார். இன்றைக்கும் சம்பா பயிருக்கு மருந்தடிக்கிற நாளில் அந்த வாடை மூக்கில் பட்டால் என் விரல்கள் தட்டச்சுப் பலகையைத் தேடும்.

உரக்கடைக்காரரின் மகன்தான் எங்கள் முதலாளி. எம்.டி. சார் என்று கூப்பிட வேண்டும். சென்னையில் இரண்டு வருடம் ஏதோ கம்பெனியில் இருந்துவிட்டு, ஊருக்குத் திரும்பியதும் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவில் இணையதளம் வைத்திருப்பவர்களுக்குக் கட்டுரைகள் மூட்டை மூட்டையாகத் தேவை. இங்கே ஆங்கில இலக்கியம் படித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டால் போதும். எங்களைக் காப்பாற்றியதாக அவர் கடைசிவரை நம்பினார்.

என்னவெல்லாம் எழுதினோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கத்திரி வெயிலில் மின்சாரம் போன மதியம், முந்தானையால் விசிறிக்கொண்டே, பனியில் கார் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவது எப்படி என்று நான் எழுதியிருக்கிறேன். பனியையும் பார்த்ததில்லை, சங்கிலியையும் பார்த்ததில்லை, காரில்கூட அதிகம் போனதில்லை. எழுதியதன் கீழே எங்கள் பெயர் வராது. அங்கே உள்ளவர்கள் நம்புகிற மாதிரி ஒரு வெள்ளைக்காரப் பெயரும் ஒரு முகமும் இருக்கும். காலையில் நான் லிண்டா, மதியத்துக்கு மேல் ராபர்ட். இதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாக நினைவில்லை. எங்களுக்கு அது கேலியாகத்தான் இருந்தது. "ராபர்ட்டு, டீ குடிக்கப் போலாமா?" என்போம்.

அப்போதுதான் அந்த விளையாட்டு வந்தது. வாளும் மந்திரமும் பூதங்களும் நிறைந்த ஒரு கற்பனை உலகம். ஆடுகிறவர் ஒரு வீரனாக அதற்குள் புகுந்து, வழியில் கிடைக்கும் பொருள்களைப் பொறுக்கிக்கொண்டு, எதிரே வருவதையெல்லாம் வெட்டிக்கொண்டு போக வேண்டும். புதிதாக ஆட வருகிறவர்கள் எந்தப் பொருள்களை வைத்துக்கொண்டால் பிழைப்பார்கள் என்று தொடர்ந்து எழுதித் தர வேண்டும். எழுதுகிறவர் பெயர் ஜேக். முகத்தையும் அந்த இணையதளக்காரர்களே அனுப்பியிருந்தார்கள். தாடி வைத்த, சிரித்த முகம்.

ஆட்டத்தை ஆடித்தான் எழுத வேண்டும் என்று எம்.டி. சாருக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள் எழுதியதைப் படித்து மாற்றி எழுதினால் போதும் என்றார். முதல் கட்டுரை என் தலையில் விழுந்தது. அந்த உலகத்தில் ஒரு சதுப்பு நிலம் வருகிறது, அதில் ராட்சத அட்டைகள் இருக்கின்றன என்று படித்தேன். அட்டையைப் பற்றி எனக்கா தெரியாது? நடவு வயலில் வளர்ந்தவள். கையில் எப்போதும் உப்பு வைத்திருங்கள், அட்டை மேல் தூவினால் சுருண்டு விழுந்துவிடும் என்று பெருமையாக எழுதி அனுப்பினேன்.

மறுநாள் எம்.டி. சார் என் மேசைக்கு வந்து நின்றார். "ஏம்மா, அந்த கேம்ல உப்பே கெடையாதாம். உப்பு எங்கேருந்து வந்துது?"

"வீட்லேருந்து சார்," என்றாள் பக்கத்து மேசையில் இருந்த ரஹ்மத். அலுவலகமே சிரித்தது, நானும்தான். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கேட்டாள். "சார், அத ஒரு தடவ ஆடிப் பாத்துட்டு எழுதலாமா?" அப்படித்தான் ஒரு கணினிக்கு மட்டும் படம் நன்றாகத் தெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டார்கள். அதை வாங்கித் தந்தபோது எம்.டி. சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

ரஹ்மத் என்னைவிட நான்கைந்து வயது இளையவள். அவள் அத்தா சவுதியில் வேலையில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், இரண்டு மாதம் இருப்பார். வீட்டில் அம்மாவும் இவளும் மட்டும். விளையாட்டு என்று எதையும் அதுவரை ஆடாத பெண். ஆனால் முதல் நாளே, நான் பத்து முறை செத்த பாலத்தை அவள் அலட்சியமாகத் தாண்டினாள்.

நான் ஏன் செத்தேன் என்பது சுவாரசியமான விஷயம். காயம் பட்டால் குடிப்பதற்கு மருந்துக் குப்பிகள் கிடைக்கும். நான் ஒன்றைக்கூடக் குடிக்க மாட்டேன். நாளைக்கு ஆகும், நாளை மறுநாளைக்கு ஆகும் என்று சேர்த்துக்கொண்டே போவேன். ஆற்றில் தண்ணீர் வருமா வராதா என்று மேட்டூரைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற வீட்டில் பிறந்த புத்தி, வேறென்ன? என் முறை வரும்போது ரஹ்மத் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்வாள். "அக்கா, பை நெறையக் குப்பி இருக்கு. நீங்க செத்துக் கெடக்கிறீங்க."

அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. அவள் அத்தா விடுப்பு முடிந்து கிளம்புகிற நாள். கூடத்தின் நடுவே, உத்தரத்து வளையத்தில் ஒரு தராசுக் கொக்கி தொங்கியது. அதில் பெட்டியை மாட்டுகிறார்கள், முள்ளைப் பார்க்கிறார்கள், இறக்குகிறார்கள். விமானத்தில் விடுகிற எடையைத் தாண்டினால் எதையாவது எடுத்தாக வேண்டும். மாசிக் கருவாட்டுத் தூளா, எலுமிச்சை ஊறுகாயா, புதுக் கைலியா? அம்மா ஒன்றைத் திணிக்க, அத்தா ஒன்றை உருவ, கடைசியில் தீர்ப்புச் சொல்வது ரஹ்மத். "ஊறுகாய் வேணாம்த்தா, அங்கயே கெடைக்கும். தலவலித் தைலம் இருக்கட்டும். கைலி ஒண்ணு போதும்." சின்ன வயதிலிருந்தே அவள் வேலை அதுதானாம். அத்தா அவள் எடுத்து வெளியே வைத்ததையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டியைக் கட்டியபின் அந்தப் பொருள்கள் கூடத்திலேயே பரப்பிக் கிடந்தன. அந்த ஊறுகாய் வாசனை எனக்கு இன்னும் போகவில்லை.

அவள் எழுதிய கட்டுரை அந்தக் கூடத்திலிருந்துதான் வந்தது. மற்ற எல்லாரும் எதையெல்லாம் சேர்க்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தபோது இவள் எதையெல்லாம் கீழே போட வேண்டும் என்று தொடங்கினாள். பெரிய வாள் வேண்டாம், அதைச் சுழற்றும் பலம் உனக்கு இன்னும் வரவில்லை. இரும்புக் கவசம் வேண்டாம், அது உன்னைக் காப்பாற்றுவதற்குள் மூச்சு வாங்கி நிற்பாய். லேசான மரக்கேடயம், ஒரு விளக்கு, ஒரு கயிறு, இரண்டு குப்பி. குப்பியை வைத்திருக்காதே, குடி. தெரியாத இடத்துக்குப் புதிதாகப் போகிறவனுக்குப் பயம்தான் பாதிப் பாரம் என்றும் ஒரு வரி எழுதியிருந்தாள். நான் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தேன். எம்.ஏ. படித்த எனக்கு அப்படி ஒரு வரி வந்ததே இல்லை, பொறாமையாக இருந்தது.

அந்தக் கட்டுரைக்குக் கீழே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து எழுதினார்கள். நன்றி ஜேக். விட்டுவிடலாம் என்று இருந்தேன் ஜேக், உன்னால்தான் பிழைத்தேன். எம்.டி. சார் திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வந்து, எல்லாருக்கும் வாழை இலைத் துண்டில் வைத்துக் கொடுத்தார். "நம்ம ஜேக்கு கலக்குறான்!" என்றார். கலக்குறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ரஹ்மத் சிரித்துக்கொண்டே அசோகாவைத் தின்றாள்.

அடுத்த வருடம் சென்னையில் விளையாட்டுகள் தயாரிக்கிற ஒரு கம்பெனிக்கு ஆள் எடுப்பதாக அவளே கண்டுபிடித்தாள். ஆட்டத்தை ஆடிப் பார்த்துக் குறை சொல்லவும் எழுதவும் ஆள் வேண்டுமாம். அவள் அத்தா அதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். தொலைபேசியில் மன்றாடி அவரிடம் ஒரு வாக்கு வாங்கினாள். அவர் விடுப்பில் வருவதற்குள் சென்னை வேலை உறுதியானால் நிக்காஹ் தள்ளிப்போகும், இல்லாவிட்டால் அந்த விடுப்பிலேயே நிக்காஹ். அத்தா கெட்டவர் இல்லை. பெண்ணைத் தனியே விட்டுவிட்டு அவ்வளவு தூரத்தில் இருக்கிற மனிதரின் பயம் அவருக்கு.

நேர்காணலுக்கு நானும் துணைக்குப் போனேன். அங்கே இருந்தவர்கள் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ரஹ்மத் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். தாடி வைத்த ஜேக் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். "இத நான் தினம் படிப்பேங்க. இது நீங்களா?" என்றார் ஒருவர். உங்கள் அலுவலகத்திலிருந்து நீங்கள்தான் எழுதினீர்கள் என்று ஒரு கடிதம் கொண்டுவாருங்கள், போதும் என்றார்கள்.

எம்.டி. சார் கடிதம் தரவில்லை. நாங்கள் இருவரும் அவர் அறையில் நின்றோம், அவர் உட்காரச் சொல்லவும் இல்லை. "ஜேக்குன்னு ஒருத்தன் இல்லேன்னு வெளிய தெரிஞ்சா க்ளையன்ட் ஓடிடுவான். உன் ஒருத்திக்காக இத்தனை பொண்ணுங்க பொழப்புல கை வைக்கச் சொல்றியா?" என்றார். பிறகு மனம் இளகியவர் போல, "டேட்டா என்ட்ரி வேலை பாத்தேன்னு வேணா போட்டுத் தரேம்மா," என்றார்.

நான் பேசினேன், கத்தினேன் என்றே சொல்ல வேண்டும். பலன் இல்லை. இத்தனை வருடம் ஆகிறது, அந்த ஆளை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. அவள் எழுத்தை வெள்ளைக்காரனுக்கு விற்றதைக்கூட மன்னித்துவிடலாம். எழுதியது அவள்தான் என்ற ஒரு வரியைக் கொடுப்பதற்கு அவருக்குக் கை வரவில்லை. கடிதம் இல்லாமல் சென்னை வேலை கைநழுவிப் போனது. அத்தா வந்தார். நிக்காஹ் நடந்தது. எம்.டி. சாரும் வந்து சாப்பிட்டு, பிரியாணி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளைக்கு ஷார்ஜாவில் வேலை. சில மாதத்தில் அவளும் போய்விட்டாள். இந்த முறை அவள் பெட்டியைத் தராசில் மாட்டித் தீர்ப்புச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை.

பின்னர் க்ளையன்ட்டும் ஓடினான். எங்களைவிட மலிவாக எழுத வேறொரு ஊர் கிடைத்திருக்க வேண்டும். உரக்கடை மாடியில் இப்போது இரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. எங்கள் கணினிகளைப் பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துப் போனார். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் ரஹ்மத் ஷார்ஜாவிலிருந்து பேசினாள். "அக்கா, அந்த கேம் புதுசா திரும்ப வந்திருக்கு. என் பையன் ஆடுறான். ஜேக்கோட பக்கத்தைத் தொறந்து வச்சுக்கிட்டு ஆடுறான்க்கா. இது நான் எழுதினதுடான்னு சொன்னேன். சிரிக்கிறான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

பையனிடம் சொன்னேன். மரியாதையான பையன். "ஓகே ஆன்ட்டி," என்றான். பின்னால் அவன் அம்மாவிடம் மெதுவாக, "யாரும்மா இவங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

போன வாரம் பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைத் தேடினேன். தளமே இல்லை. அந்த முகவரியில் யாரோ கடிகாரம் விற்கிறார்கள். நன்றி சொன்ன அத்தனை பேரும் போய்விட்டார்கள், அந்தத் தாடிக்காரனும் போய்விட்டான். ரஹ்மத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சமையலறையில் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

"நல்லதாப் போச்சுக்கா," என்றாள். "இனிமே அத ஜேக்கும் எழுதலே, நானும் எழுதலே."