சேர் நிரப்பிய வெள்ளைத் தாள்

"இந்த இடம் சும்மா வெள்ளையாக் கிடக்கு பிள்ளை. ஏதாவது போடுங்கோ."

என் கதிரைக்குப் பின்னால் நின்று, கணினித் திரையில் விரலை அழுத்தி அழுத்திக் கணக்குப் படிப்பிக்கிற சேர் இப்படிச் சொன்ன காலைநேரம் இன்னும் மறக்கவில்லை. அவருடைய விரல் தடத்தைத் துடைக்கவென்றே மேசையில் ஒரு துணி வைத்திருந்தேன். கிளிநொச்சி நகரத்தில் போட்டோக்கொப்பியும் தட்டச்சும் செய்யும் சின்னக் கடை என்னுடையது. சேர் தன் ரியூசன் வகுப்பில் கொடுக்கும் தாள்களை எல்லாம் நான்தான் அடித்துக் கொடுப்பேன்.

இரண்டு கணக்குக்கு இடமுள்ள தாளில் எட்டுக் கணக்கு இருக்கவேண்டும் அவருக்கு. சுற்றிவரப் பூங்கொடிக் கரை. மேலே கழுத்துப்பட்டி கட்டிய அவருடைய படம். மூலையில் ஒரு பொன்மொழி, அதன் கீழே அவருடைய பெயர். நாலு பேர் இருந்தாலும் மைக் பிடித்துத்தான் படிப்பிப்பார். விளங்கியதா என்று ஒரு பிள்ளையிடமும் கேட்டதில்லை, தன் குரல் தனக்குக் கேட்டால் போதும். இந்த மனிதரைப் பெரிய படிப்பாளி என்று ஊர் கும்பிட்டது. அவர் கடைக்குள் வந்தால் நானும் எழும்பி நின்றிருக்கிறேன். நினைக்க எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த வகுப்பில் வட்டக்கச்சியிலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருக்கமாட்டாள். முதல் கணக்கை வாசிக்கத் தொடங்கும்போதே கண் ஐந்தாவது கணக்குக்கு ஓடிவிடும். இது ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு, பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை என்று ஆஸ்பத்திரி டொக்டர் தாய்க்கு விளக்கியிருந்தார். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் ஏற்கெனவே ஒருமுறை தவறிவிட்டாள். இம்முறையும் தவறினால் படிப்பை நிறுத்திவிட்டு கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகவேண்டும் என்று தகப்பன் முடிவாகச் சொல்லிவிட்டார். டொக்டர் சொன்னதைச் சேரிடம் சொல்லத் தாய் வகுப்புக்கே போனார்.

"அந்த வருத்தமெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளையளுக்கு வாறது. உங்கட பிள்ளைக்குக் கொழுப்பு" என்றார் சேர். மைக் கையில்தான் இருந்தது. தெருவில் போனவர்களுக்கும் கேட்டிருக்கும்.

அங்கிருந்து அந்தத் தாய் நேரே என் கடைக்கு வந்தார். "தங்கச்சி, ஒரு தாளில ஒரு கணக்கு மட்டும் அடிச்சுத் தாறீங்களோ? பெரிய எழுத்தில. டொக்டர் அப்பிடித்தான் சொன்னவர்." நாங்கள் இருவரும் இருந்து செய்தோம். முதலில் செய்யவேண்டிய படி சிவப்பு, அடுத்தது பச்சை. பின்னக் கணக்குக்கு அவர் தன் வீட்டுக் கத்தரிப் பாத்திகளைப் படமாகக் கீறித் தந்தார். மிச்ச இடமெல்லாம் வெறுமையாக விட்டோம். பிள்ளை முதல் தாளைக் கடை வாசலிலேயே, சைக்கிளில் சாய்ந்து நின்றபடி செய்து முடித்தாள். தாய் தெருப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

கொஞ்ச நாளில் ஏதோ ஒரு கூட்டத்தில், இப்படியான பிள்ளைகளுக்குப் படத்தோடு தாள் தயாரித்துக் கொடுக்கவேண்டும் என்று கல்வி அதிகாரி ஒருவர் பேசியிருக்கிறார். மறுநாளே சேர் அந்தப் பிள்ளையின் கையிலிருந்த தாள்களை வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார். "இது நான் கனகாலமா யோசிச்சு வைச்சிருந்த விசயம்" என்றார். கூச்சம் அந்த மனிதரை எட்டியும் பார்க்கவில்லை. வெள்ளையாகக் கிடக்கிறது என்று அவர் கவலைப்பட்டது அந்தத் தாள்களைப் பார்த்துத்தான். கத்தரிப் பாத்தியைச் சுற்றிப் பூங்கொடி ஏறியது. நாலு மூலையிலும் அவர் முகம் வந்தது. பொன்மொழி வந்தது, பழைய வினாத்தாள் கணக்குகள் பொடி எழுத்தில் வந்தன. 'விசேட கவனத் துணைநூல்' என்று பெயரும் வைத்தார். கவனம் சிதறும் பிள்ளைக்கான தாளில் இத்தனை குப்பையைக் கொட்ட ஒருவருக்கு எவ்வளவு படிப்பு வேண்டும். நானும் வாய் திறக்காமல் அவர் சொன்னதெல்லாம் செய்து, பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன்.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது பிள்ளை அந்தத் துணைநூலோடு வந்தாள். "அன்ரி, எங்கட பழைய தாளை ஒருக்கா அடிச்சுத் தாங்கோ. இதில எனக்குக் கணக்கு எங்கையெண்டே தெரியேல்ல."

பழையது இல்லை என்று சொன்னேன். அவள் ஏசவும் இல்லை, அழவும் இல்லை. "அப்ப எழுத்தழிக்கிற வெள்ளை இருக்கோ?" என்று கேட்டாள்.

அன்று பின்னேரம் முழுவதும் கடையில் இருந்து அழித்தாள். எழும்புவாள், வாசலுக்குப் போய் பஸ்ஸைப் பார்ப்பாள், திரும்பி வந்து இருப்பாள். முதலில் சேரின் முகம் போனது, பிறகு பூங்கொடி போனது. நானும் ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். அவள் கணக்கில் சித்தியடைந்துவிட்டாள், இப்போது உயர்தரம் படிக்கிறாள். துணைநூலால் வந்த வெற்றி என்று அவள் படத்தைப் போட்டு விளம்பரம் அடிக்கச் சேர் வந்தார். வேறு கடை பாருங்கள் என்றேன். இன்றைக்கும் அவர் மைக்கில் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்.

அவரை இவ்வளவு திட்டிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நானும் அவர் மாதிரித்தான். அழித்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம், முதலாவது தாளின் அடிப்பக்கத்துக்கு வந்ததும் பிள்ளை கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அங்கே தடித்த எழுத்தில் என் கடையின் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன. சேர் போடச் சொன்னதல்ல அது.

"இதையும் அழிக்கட்டோ அன்ரி?"

"அழி பிள்ளை" என்றேன்.