ஒரு கொட்டாங்குச்சி சாம்பல்

யுத்தத்தால் அரிசி கிடைக்காத காலம் அது. குமாரபாளையத்தில் எங்கள் புழக்கடையில் விளைந்த அவரையும் கத்தரியும்தான் எங்களுக்குப் பாதிச் சாப்பாடு. ஐப்பசி மழை பிடித்ததும் செடிகளில் நத்தையும் அசுவினிப் பூச்சியும் ஏறிவிட்டன. காலையில் இலை ஈரம் காய்வதற்குள் சாம்பல் தூவினால்தான் செடி பிழைக்கும். எங்கள் அடுப்புச் சாம்பல் போதாமல் அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்குவேன்.

ஒரு நாள் பக்கத்து நெசவுக்காரர் வீட்டு வாசலில் போய் நின்றேன். நூல் கிடைக்காமல் அவர்கள் தறி நின்றுபோனது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் யோசித்ததில்லை.

"அக்கா, ஒரு கொட்டாங்குச்சி சாம்பல் இருந்தாக் குடுங்க. அவரையைப் பூச்சி தின்னுபோடுதுங்க."

அந்த அக்கா உள்ளே போய் வெகுநேரம் அடுப்பைச் சுரண்டினார். கொண்டுவந்தது ஒரு பிடிதான். அதுவும் ஈரம் ஏறிக் கட்டியாக இருந்தது.

"இவ்வளவுதான் சாமி இருக்குது. அடுப்புப் பத்த வெச்சு நாளாச்சு."

கேட்டவளுக்குச் சாம்பல்கூடக் கொடுக்க முடியவில்லையே என்று அவர் குன்றிப்போய் நின்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, பூச்சி விழாத காய்களாகப் பார்த்து மடி நிறையப் பறித்தேன். இருந்த கேழ்வரகு மாவில் பாதியையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவரே எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் கொட்டாங்குச்சி நிறையச் சாம்பல்.

"இன்னும் சூடு இருக்குது சாமி. ஆற வெச்சுத் தூவு."

இன்றும் யாராவது சாம்பல் கொடுத்தால், செடியை நினைப்பதற்கு முன்பே என் விரல் அதில் சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது.