காப்புக் கையோடு தேனிக்குப் போனேன்

போன சித்திரையில் என் மனைவி செல்விக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டானது. முதலில் கால் வீங்கியது. பிறகு முகமும் வீங்கியது. எங்கள் ஊர் கோம்பையில் பிரஷர் பார்த்த நர்சம்மா, இந்த வாரமே தேனிக்குப் போய் லேடி டாக்டரிடம் காட்டணும், தள்ளிப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

அது திங்கட்கிழமை. மறுநாள் மாரியம்மன் கோயிலில் காப்புக்கட்டு. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று நான் தீச்சட்டி நேர்ந்திருந்தேன். மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டியவன் திருவிழா முடியும் வரை எட்டு நாளும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

செல்வி தலைவலி என்றாள். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். பக்கத்து வீட்டில் இருக்கும் என் அக்காவோடு பஸ்ஸில் போய்விட்டு வரவா என்று கேட்டாள். நான் இல்லாமல் அங்கே யாரிடம் என்ன சொல்வாய், எட்டு நாள்தானே, ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

வாழைத்தார் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று எனக்கு உண்டு. கழுவி, வேப்பிலை கட்டி, வாசலிலேயே நிறுத்தியிருந்தேன்.

சனிக்கிழமை மதியம் செல்விக்கு வலிப்பு வந்தது. 108-க்கு அடித்தோம். ஆம்புலன்ஸ் தூரத்தில் இருந்தது. நான் கோயிலுக்கு ஓடி, காப்பை அவிழ்த்துவிடச் சொல்லிப் பூசாரியிடம் கையை நீட்டினேன்.

"எதுக்குலே அவுக்கணும்? கட்டுனபடியே போ."

எல்லை தாண்டலாமா என்று கேட்டேன்.

"உசுரக் காப்பாத்தப் போறவன ஆத்தா மறிப்பாளாலே? செவ்வாக்கெழமையே கேட்டிருந்தா அன்னைக்கே போகச் சொல்லிருப்பேன்."

நான் கேட்கவே இல்லை. அவரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை.

சன்னதியைப் பார்த்து, "அவள எனக்குக் குடுத்துரு ஆத்தா" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

வண்டிக்குப் பின்னால் மெத்தை போட்டோம். அக்கா மடியில் செல்வி தலை. வழியில் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. நேரே தேனிக்கு ஓட்டினேன். முதல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். இரண்டாவதில், இந்தக் கேஸுக்கு இங்கே வசதி இல்லை என்றார்கள். வண்டிக்குத் திரும்பினேன்.

அங்கிருந்து ஒரு நர்சம்மா ஊசியோடு ஓடி வந்து வண்டிக்குள் ஏறினார். ஊசியைப் போட்டுவிட்டு என் கையைப் பார்த்தார். "எங்க ஊர்லயும் காப்புக் கட்டிருக்காக. நீங்க வண்டிய எடுங்கண்ணே, நான் கூட வாரேன்" என்று மெத்தையிலேயே உட்கார்ந்துகொண்டார். போகும்போதே பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நாங்கள் போனபோது வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்கள். அந்தம்மா பேரைக் கேட்க விட்டுப்போனது. ஆத்தா அனுப்பிய ஆள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

செல்வி பிழைத்தாள். மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

பிள்ளை பெண். அழவில்லை.

நாலு நாளைக்கு முன்னால் வந்திருந்தால் இரண்டு உயிரையும் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நான் கேட்டதை ஆத்தா கொடுத்தாள். செல்வியைத்தான் கேட்டேன். பிள்ளையைக் கேட்க அந்நேரம் தோன்றவில்லை.

செல்வி இதுவரை என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி என் கையைப் பார்த்து, "அழுக்காயிருச்சு. அவுத்து ஆத்துல விட்டுருங்க" என்றாள். 

இந்தச் சித்திரையிலும் காப்புக் கட்டினேன். யார் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் போவேன் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டினேன். "போ. அதுவும் ஆத்தா வேலதான்லே" என்றார். மூன்றாம் நாளே கீழத்தெருவில் கூப்பிட்டார்கள். மாசமாக இருந்த பெண்ணைத் தேனிக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் பிறந்தது. உள்ளே பிள்ளை அழுவதை வராந்தாவில் நின்று கேட்டேன். ஓயும் வரை அங்கேயே நின்றேன்.

ஆத்தாவை நம்புங்கள். அவள் கைவிட மாட்டாள். ஆனால் நர்சம்மா போகச் சொன்னால் அன்றைக்கே போங்கள். அவளைக் கும்பிட்டுக்கொண்டே வண்டி ஏறுங்கள். கோம்பையில் இருப்பவர்கள் என்னைக் கூப்பிடுங்கள். கையில் காப்பு இருந்தாலும் வருவேன்.