சூரன்போருக்கு வெட்டிய வாய்க்கால்

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில், கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஊரொன்றுக்கு நான் வந்த முதல் வருடம். கந்தசஷ்டி விரதத்தை மாமியோடு சேர்ந்து நானும் பிடித்தேன். என் கணவரின் தாயான மாமி, விரதம் முடியும்வரை இளநீரைத் தவிர வேறொன்றும் தொடமாட்டார். விரதத்தின் நடுவில் தொடங்கிய மழை சூரன்போர் நாளாகியும் விடவில்லை.

போர் நடக்கவேண்டிய கோயில் வீதியில் முழங்காலளவு வெள்ளம். காலையில் கோயில் மனேச்சர் பள்ளக்காணியில் குடியிருந்த ஆட்களைக் கூப்பிட்டு, வரம்பை வெட்டித் தண்ணீரை இறக்கச் சொன்னார். எங்கள் புகையிலைத் தோட்டங்களில் கூலிக்கு நின்றவர்கள் அவர்கள். சாதியைச் சொல்லி அவர்களைக் கோயிலுக்குள் விடுவதில்லை. மண்வெட்டியோடு வீதிக்கு மட்டும் வரலாம்.

"நயினார், வெட்டினால் எங்கடை பக்கந்தானே பாயும்?" என்று அவர்களில் மூத்தவர் கேட்டது, வீதியோரத்துக் கோயில் மடத்தில் விரதமிருந்த எங்கள் காதிலும் விழுந்தது.

"சுவாமி வாற வீதி. சொன்னதைச் செய்."

மத்தியானம் வீதி வடிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மண்சுவர்கள் கரைந்து குடிசைகள் விழுந்துவிட்டன. ஒரு பெண்ணின் கையில் பச்சைக் குழந்தை. அதன்மேல் ஓலைத் துண்டொன்றைப் பிடித்திருந்தாள்.

"மடத்து விறாந்தையிலை ஒரு மூலை தந்தால் காணும், நயினார். உள்ளுக்கு வரமாட்டம்" என்றார் அந்த மூத்தவர்.

"விரதகாரர் இருக்கிற இடம். இண்டைக்குப் பாத்துத் தீட்டாக்க வந்தியளோ? போங்கோ அங்காலை!" என்றார் மனேச்சர்.

மடம் நிறையப் பெண்கள் இருந்தோம். புது மருமகள் நான் சபையில் என்ன கதைப்பது? மாமிதான் தூணைப் பிடித்து எழுந்தார். பட்டினியில் கால் தள்ளாடியது.

"தண்ணியை இறக்கச் சொன்னது நீங்கள். அது ஆரின்ரை வீட்டுக்குப் போகுமெண்டு தெரியாதே?"

"இருங்கோ அக்கா. சூரன்போர் பாக்காமல் எழும்பினால் விரதம் முறிஞ்சுபோம்."

"முறிஞ்சால் முறியட்டும். பிள்ளை, வா" என்று என்னையும் கூப்பிட்டார்.

எல்லோரையும் எங்கள் புகையிலைக் கொட்டிலுக்குக் கூட்டிவந்தார். வீட்டுக்குள் அல்ல, கொட்டிலுக்குத்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கஞ்சி காய்ச்சினோம். மாமி துழாவிக்கொண்டு நின்றாரே தவிர, ஒரு வாய் குடிக்கவில்லை. வடிந்த வீதியில் சூரன் தலை மாற்றி மாற்றிப் போராடிய மேளச் சத்தம் கொட்டில்வரை கேட்டது.

அந்தக் குழந்தைக்கு மறுநாளே காய்ச்சல் கண்டது. எந்தக் கைமருந்துக்கும் அடங்கவில்லை. வெள்ளம் வற்றுமுன் இறந்துபோனது. புதைப்பதற்கு நீர் ஊறாத நிலம் தேடித் தகப்பன் அந்த மழையில் அலைந்தார்.

மனேச்சர் எங்கள் முற்றத்துக்கு வந்து, "எல்லாம் முருகன்ரை சோதனை, அக்கா" என்றார்.

"முருகனோ வரம்பை வெட்டச் சொன்னது?" என்று மாமி கேட்டார். மனேச்சர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தச் சனங்களின் கால் மடத்துப் படியில் படவேயில்லை. என்றாலும், மழை விட்டதும் மடத்தைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவர்களை எட்டிப் பார்க்க ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. கல்லைக் கழுவ ஊரே திரண்டது.

அடுத்த வருடம் மாமி வீட்டிலேயே விரதம் இருந்தார். நான் இருக்கவில்லை. ஏனென்று கேட்ட பெண்களுக்கெல்லாம் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே எழுந்து போனவர்கள்தான் அதிகம்.