முதல் நடையில் ஒன்பது பேர்

கண்டக்டர் கருத்தக்கண்ணன் விசில் ஊதினால் அடுத்த தெரு நாய் எழுந்து ஓடும் என்று டிப்போவில் சொல்வார்கள். இருபத்தொன்பது வருஷ சர்வீஸ், அப்படி ஒரு மூச்சு. ஆனால் ஒத்தப்பனைப்பட்டியிலிருந்து விடியற்காலை நாலு ஐம்பதுக்குக் கிளம்பும் முதல் நடையில் மட்டும் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார். கம்பியில் ரெண்டு தட்டு. டிரைவர் மருதுவுக்கு அது போதும். ஏன் என்று கேட்டால், "பொம்பளைக தூங்குதுகப்பா" என்பார்.

உசிலம்பட்டிப் பக்கம் மழையை நம்பின பூமி. மழை கைவிட்ட வருஷங்களில் மதுரைக்கு வேலைக்கு வரப் பழகிய பெண்கள் அவர்கள். செல்லூரில் தறிப் பட்டறைக்குப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர்கள், கீரைக்கட்டோடு வருகிறவர்கள். மூணு மணிக்கே எழுந்து உலை வைத்துவிட்டு வந்திருப்பார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் கழுத்து சாய்ந்துவிடும். ஒரு நாளில் யாரும் அவர்களை ஏவாத ஒன்றேகால் மணி நேரம் அதுதான்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. ஆனாலும் ஆளுக்கொரு சீட்டு மெஷினில் அடித்துக் கையில் கொடுத்தாக வேண்டும், அது விதி. காசில்லாத சீட்டுக்காக ஒருத்தியை உலுக்கி எழுப்பக் கருத்தக்கண்ணனுக்கு மனசு வரவில்லை. விழித்திருக்கிற நாலைந்து பெண்களுக்கும் நாலு ஆண்களுக்கும் கொடுப்பார். மிச்சப் பேருடைய தூக்குவாளிகள் உருளாமல் காலால் முட்டுக்கொடுத்தபடி உட்கார்ந்து வருவார். அந்த நேரத்தில் செக்கிங்கும் அந்தப் பக்கம் வராது. நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் செய்கிற கோளாறு லேசில் வெளியே தெரியாது, அதுதான் தொல்லை.

ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது அது தெரிந்தது. மதுரையும் சுற்றுவட்டாரமும் இன்னும் இருபத்தைந்து வருஷத்தில் எப்படிப் பிழைக்கப் போகின்றன என்று திட்டம் போட, அதிகாரிகள், வியாபாரிகள், தறிக்காரர்கள், விவசாயிகள், கல்லூரிக்காரர்கள் எல்லாரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்து மாதாமாதம் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பஸ்களைப் பற்றிப் பேசும் நாளுக்குக் கண்டக்டர் ஒருவர் வேண்டும் என்று டிப்போவுக்குக் கடிதம் வந்தது. அன்றைக்கு ரெஸ்ட்டில் இருந்தவர் கருத்தக்கண்ணன். கிளை மேலாளர் அவரைக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

கல்லூரிப் பேராசிரியை வசுந்தரா சுவரில் ஒரு படம் காட்டினார். ஊர்களிலிருந்து மதுரைக்கு வரும் கோடுகள். ஆள் கூடினால் கோடு தடிக்கும். அலங்காநல்லூர்க் கோடு வடக்கயிறு மாதிரி இருந்தது. ஒத்தப்பனைப்பட்டிக் கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

"முதல் நடையில ஒன்பது பேர்தான் வர்றாங்க. மெயின் ரோட்டு பஸ்ஸோட சேர்த்துடலாம்கிறது குழுவோட கருத்து" என்றார் வசுந்தரா. ஊரிலிருந்து மெயின் ரோடு நாலு கிலோமீட்டர். நடுவில் ஒரு விளக்குக் கிடையாது.

செல்லூர் தறிக்காரர்கள் சார்பில் வந்திருந்த ஜனகராஜ் எழுந்தார். "ஒன்பதாம்மா? அந்த பஸ்ல என் பட்டறைக்கு மட்டும் பதினோரு பேரு வாராங்களே."

"மூணு வருஷ டிக்கெட் மெஷின் கணக்கு சார் இது."

மெஷினோடு யார் மல்லுக்கட்டுவது? ஜனகராஜ் குழம்பிப்போய் உட்கார்ந்தார்.

அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்று கருத்தக்கண்ணனுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்தால் சீட்டு அடிக்காத குற்றம், பக்கத்திலேயே மேலாளர். விசாரணை வரும், ஓய்வு நேரத்தில் பென்ஷன் இழுபறியாகும். திறக்காவிட்டால் அந்த பஸ் போய்விடும், அந்தப் பெண்களின் பிழைப்பும் போய்விடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

சாப்பாட்டு இடைவேளையில் மாடிப்படி ஓரமாய் நின்று மனைவி தங்கப்பொண்ணுவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நீங்க அளக்கல" என்றாள் அவள்.

"பேசாம வந்துரவா?"

"பேசாம வாரதா இருந்தா எனக்கு எதுக்குப் போன் போட்டீக?"

கூட்டம் மறுபடி கூடியதும் அவர் எழுந்து நின்றார். "ஒன்பது இல்லம்மா. நாப்பத்திமூணு. முப்பத்திநாலு பேருக்கு நான்தான் சீட்டு அடிக்கல. தினமும் அப்படித்தான்."

மேலாளர் தலையைக் குனிந்துகொண்டார். "ஏண்ணே அடிக்கல?" என்று கேட்டார் வசுந்தரா.

"தூங்கிக்கிட்டு இருந்தாங்கம்மா."

யாரும் சிரிக்கவில்லை. வசுந்தரா படத்தில் அந்த மெல்லிய கோட்டின் மேல் விரலை வைத்தார். "வாய்க்கணக்கை வச்சுக் கோட்டை மாத்த முடியாதுண்ணே. மூணு மாசம் ஒழுங்கா சீட்டுக் கொடுங்க. அது வரைக்கும் இந்த நடையைத் தொட வேண்டாம்னு நான் சொல்றேன்" என்றார். ஜனகராஜும் அதையே சொன்னார். வெளியே வந்ததும் மேலாளர் கருத்தக்கண்ணன் தோளில் கை வைத்தார். "மெமோ வரும்ணே. நானேதான் கையெழுத்துப் போடணும்" என்றார்.

மறுநாள் விடியற்காலை பஸ் கிளம்பியது. முன் சீட்டில் முருகம்மாள், ஜனகராஜ் பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவள், வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை எழுப்புவதற்கு முன் கருத்தக்கண்ணன் ரெண்டு தடவை கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டார்.

"தங்கச்சி. சீட்டு."

அவள் திடுக்கிட்டு விழித்தாள். "இம்புட்டு நாளா கேக்காத சீட்டாண்ணே?"

சொன்னார். படம், கோடு, ஒன்பது பேர், எல்லாவற்றையும். முருகம்மாள் சீட்டை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"அப்ப மூணு வருசமா இந்த பஸ்ஸுல நாங்க வரவே இல்லையா?"

"ஆமா தங்கச்சி. நான் செஞ்ச தப்பு."

அவள் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். எழுந்து, பக்கத்தில் தூங்கியவளின் தோளைத் தட்டினாள். "ஏய், எந்திரி. நம்மளக் கணக்குல எழுதுறாக." பிறகு அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று அவருக்கு முன்னால் ஒவ்வொருத்தியாக எழுப்பிக்கொண்டே போனாள். அன்றைக்கு முப்பத்திநாலு பேரும் விழித்தபடியே மதுரை வந்து சேர்ந்தார்கள்.